பிரேக் அடித்தால் ஸ்டியரிங் ஆடுவது ஏன்? டிஸ்க் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரில் பிரேக்கை மிதித்ததும் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடுகிறது. வேகம் குறையக் குறைய ஆட்டம் தணிகிறது. பெடலிலிருந்து காலை எடுத்தால் அடங்கிவிடுகிறது. இதற்கு ஒர்க்‌ஷாப்புகளில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “டிஸ்க் பெண்டாயிடுச்சு, மாத்தணும்” என்பதுதான். டிஸ்க்கை மாற்றியதும் ஆட்டம் நிற்கிறது. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு அதே ஆட்டம் திரும்பி வருகிறது. இம்முறை பழி புதிய டிஸ்க்கின் தரத்தின் மேல் விழுகிறது. இரண்டு தீர்ப்புகளுமே பெரும்பாலும் தவறானவை.

“சூட்டில் டிஸ்க் வளைந்துவிட்டது”

கார்களின் பிரேக் டிஸ்க் சாம்பல் வார்ப்பிரும்பால் ஆனது. கடும் வெப்பத்தில் அது தற்காலிகமாகச் சற்றுக் கூம்பி, ஆறியதும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். அன்றாட ஓட்டத்தில் அது நிரந்தரமாக வளைந்துபோவது அரிது. போர்டு ஜிடி40 பந்தயத் திட்டத்தில் பணியாற்றிய அமெரிக்கப் பொறியாளர் கரோல் ஸ்மித், வளைந்த டிஸ்க் என்பதே ஒரு கட்டுக்கதை என்று எழுதியவர். சாதாரணக் காரைவிடப் பன்மடங்கு சூடேறும் பிரேக்குகளோடு வாழ்நாளைக் கழித்தவர் என்பதால் அவர் சொல்லுக்குக் கனம் உண்டு.

உண்மையில் நடப்பது தடிமன் மாறுபாடு. டிஸ்க்கைச் சுற்றி எங்கு அளந்தாலும் தடிமன் ஒன்றாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் 0.02 மில்லிமீட்டர் கூடினாலே பல கார்களில் அது கைக்குத் தெரியும். மனித முடியின் தடிமனில் இது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தடித்த இடம், டிஸ்க்கை இருபுறமும் அழுத்தும் பேடுகளுக்கு இடையே நுழையும்போதெல்லாம் பிடி கூடுகிறது. மெலிந்த இடம் வரும்போது தளர்கிறது. சுற்றளவு 1.9 மீட்டர் உள்ள சக்கரம் 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 14, 15 முறை சுழலும். ஸ்டியரிங்கும் சஸ்பென்ஷனும் இயல்பாகவே அதிரும் வீதம் பல கார்களில் இதை ஒட்டியே அமைவதால் சிறு துடிப்பு பெரிய ஆட்டமாகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஆட்டம் உச்சத்துக்குப் போவதன் காரணம் இதுவே.

தடிமன் மாறுபாடு இரண்டு வழிகளில் உருவாகிறது. முதலாவது, பேடின் உராய்வுப் பொருள் டிஸ்க்கில் திட்டுத்திட்டாக ஒட்டுவது. ஒழுங்காகப் பழகிய டிஸ்க்கில் இந்தப் பொருள் மெல்லிய, சீரான படலமாகப் படிந்திருக்கும். அளவுமீறிச் சூடான பேடு ஓரிடத்தில் அழுந்தி நின்றால் அங்கே மட்டும் அப்பிக்கொள்ளும். அந்தத் திட்டு மற்ற இடங்களைவிட அதிகமாகச் சூடேறி 700 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போனால், அடியிலுள்ள இரும்பே உருமாறிச் சிமெண்டைட் என்ற கடினமான இரும்புக் கார்பைடு ஆகிவிடுகிறது. கடினமானது தேயாது, சுற்றியுள்ள இரும்பு தேயத் தேய அது மேடாகிக்கொண்டே போகும்.

இரண்டாவது வழி டிஸ்க்கின் கோட்டம், அதாவது சுழலும்போது பக்கவாட்டில் அசைவது. இங்கே பலரும் ஏமாறுகிறார்கள். கோட்டத்தோடு மாட்டப்பட்ட டிஸ்க் உடனே ஆட்டம் தராது. பேடுகளைத் தாங்கும் காலிப்பர் அந்த அசைவோடு சேர்ந்து நகர்ந்து சமாளித்துவிடும். ஆனால் பிரேக் அடிக்காமல் ஓடும் நேரமெல்லாம், டிஸ்க்கின் ஒரே இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேடை உரசிச் செல்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இப்படி உரசியதில் அந்த இடம் மட்டும் மெலிகிறது. புதிய டிஸ்க் போட்டுச் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஆட்டம் திரும்பினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது மாட்டிய விதத்தைத்தான்.

“ஸ்டியரிங் ஆடினாலே டிஸ்க் கோளாறு”

பிரேக் தொடாதபோதும் 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஆட்டம் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியவை வீல் பேலன்சிங், நெளிந்த ரிம், வீங்கிய டயர். பிரேக் அடித்தால் மட்டுமே ஆடுகிறது என்றால் பிரேக் பக்கம் திரும்பலாம். ஆட்டம் ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன்சக்கரம். இருக்கையிலும் தரையிலும் தெரிந்தால் பெரும்பாலும் பின்சக்கரம். நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றில் பின்னால் இருப்பது டிரம் பிரேக். வட்டம் குலைந்த டிரம்மும் இதே அதிர்வைத் தரும். அந்தக் காருக்கு முன்டிஸ்க்கை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட் ஆகியவை தேய்ந்திருந்தால் சிறிய துடிப்பும் பெரிதாகத் தெரியும். அவற்றை மாற்றியதும் ஆட்டம் குறைவது உண்டு. ஆட்டத்தின் பிறப்பிடம் அப்போதும் டிஸ்க்கிலேயே இருக்கலாம். காலிப்பரின் வழுக்குப் பின்கள் துருப்பிடித்து இறுகினால் பேடு விலகாமல் டிஸ்க்கைச் சுட்டுக்கொண்டே இருக்கும். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரத்திலிருந்து மட்டும் அனல் அடித்தால் அது இதன் அடையாளம். திடீர் பிரேக்கில் பெடல் படபடவென்று உதைப்பது ஏபிஎஸ் வேலை செய்வதால். அது கோளாறே அல்ல.

“புது டிஸ்க் போட்டால் தீர்ந்தது”

டிஸ்க் உட்காரும் இடம் ஹப்பின் முகம். பழைய டிஸ்க்கைக் கழற்றும்போது அங்கே துருப் படலம் இருக்கும். 140 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஹப்பின் ஓர் ஓரத்தில் 0.05 மில்லிமீட்டர் துரு தங்கிவிட்டால், 260 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிஸ்க்கின் விளிம்பில் அது 0.09 மில்லிமீட்டர் கோட்டமாகப் பெருகும். பெரும்பாலான கார்களுக்கு அனுமதிக்கப்படும் கோட்டம் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரைதான். ஆகவே எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டிஸ்க்கும், துருவைச் சுரண்டாத ஹப்பில் மாட்டிய அன்றே பழுதுக்கு நாள் குறித்துவிடுகிறது. கம்பித் தூரிகையும் உப்புத்தாளும் கொண்டு ஹப்பின் முகத்தைப் பளிச்சென்று தேய்க்கப் பத்து நிமிடம் போதும். இந்த முழு வேலையிலும் அதிகம் தவிர்க்கப்படுவதும் அதிகப் பலன் தருவதும் இந்தப் பத்து நிமிடம்தான்.

அடுத்தது அளவு. டயல் கேஜைச் சஸ்பென்ஷனில் பொருத்தி, வீல் நட்டுகளை வாஷர் வைத்து இறுக்கிவிட்டு, டிஸ்க்கை ஒரு சுற்றுச் சுற்றினால் கோட்டம் தெரிந்துவிடும். எல்லையைத் தாண்டினால் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு போல்ட் தள்ளி மாட்டி மறுபடி அளக்க வேண்டும். மேட்டுப் புள்ளி டிஸ்க்கோடு நகர்ந்தால் குறை டிஸ்க்கில். ஹப்பின் அதே போல்டுக்கு நேராக நின்றால் குறை ஹப்பிலோ பேரிங்கிலோ. பழைய டிஸ்க்கின் தடிமனை, விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, மைக்ரோமீட்டரால் சுற்றிலும் எட்டு இடங்களில் அளந்தால் நோய் என்ன என்பது எண்ணாகவே கையில் கிடைக்கும். இந்த இரண்டு கருவிகளையும் எடுக்காமல் சொல்லப்படும் “பெண்ட்” வெறும் ஊகம்.

கடைசியில் வீல் நட். காற்றுத் துப்பாக்கியால் ஒரு நட்டை முழுமூச்சாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் டிஸ்க் ஒருபக்கமாகச் சாய்ந்து பிடிபடும். நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றுகளில், டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். சாதாரணக் கார்களில் இந்த அளவு 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும். துல்லியமான எண் காரின் கையேட்டில் இருக்கும். பஞ்சர் ஒட்டும் கடையில் அவசரத்தில் மாட்டிய சக்கரமும் இதே கோளாறைக் கொண்டுவரலாம்.

“லேத்தில் கடைந்தால் புதிதாகிவிடும்”

பேடு பொருள் ஒட்டியதாலோ லேசான தேய்மானத்தாலோ வந்த மாறுபாட்டைக் கடைசல் போக்கும். சிமெண்டைட் உருவாகியிருந்தால் அது மேற்பரப்புக்குக் கீழேயும் இறங்கியிருக்கும். மேலே சீவினாலும் சில வாரங்களில் அதே இடம் மேடாகும். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கின் விளிம்பிலோ நடுத்தொப்பியிலோ பொறிக்கப்பட்டிருக்கும். புதிதில் 22 மில்லிமீட்டர் உள்ள டிஸ்க்குக்கு 20 என்பது வழக்கமான எல்லை. கடைந்த பிறகு அதற்குக் கீழே போகும் டிஸ்க்கை மாட்டவே கூடாது. இரும்பு குறைந்த டிஸ்க் சீக்கிரம் சூடேறும், விரிசல் விடும்.

“சூடான டிஸ்க்கில் மழைநீர் பட்டால் போயிற்று”

சுழலும் டிஸ்க்கில் தெறிக்கும் நீர் சுற்றிலும் பரவிவிடுவதால் சாதாரண மழை கெடுதல் செய்வதில்லை. மலையிறங்கிய கையோடு, நிற்கும் சக்கரத்தின் ஒரு பக்கத்தில் வாட்டர் வாஷ் பீய்ச்சுவது வேறு. அதைத் தவிர்ப்பது நல்லது. ஆனால் மலைப்பாதையில் பெரிய ஆபத்து தண்ணீரால் வருவதில்லை. 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை கார் ஏறத்தாழ 1,900 மீட்டர் இறங்குகிறது. ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள காருக்கு இது 22 மெகாஜூல் ஆற்றல். 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 48 முறை நிறுத்துவதற்குச் சமம். எஞ்சின், காற்று, டயர் மூன்றும் இதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்குபவர் எஞ்சினின் பங்கையும் பிரேக்கின் தலையிலேயே கட்டுகிறார். ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய ஓட்டுநர்களின் விதி முற்றிலும் சரி. அடிவாரத்தை அடைந்ததும் காரை நிறுத்தி, கொதிக்கும் பிரேக்கை மிதித்தபடியே நிற்பதால்தான் பேடின் அச்சு டிஸ்க்கில் விழுகிறது. இரண்டு மூன்று கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி ஆறவிட்டு நிறுத்துவதே முறை.

வாரக்கணக்கில் மழையில் நின்ற காரில் பேடின் வடிவத்தில் துரு பதிவதும் உண்டு. மேலோட்டமான துரு முதல் சில பிரேக்குகளிலேயே போய்விடும். ஆழமாக அரித்தது போகாது.

“துளையிட்ட டிஸ்க்தான் சிறந்தது”

துளைகள் பந்தயக் கார்களில் வந்த காலத்தில், சூடேறிய பேடுகளிலிருந்து கிளம்பும் வாயுவுக்கு வழிவிடுவது அவற்றின் வேலைகளுள் ஒன்று. இன்றைய பேடுகளில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. துளையால் எடை குறைகிறது, ஈரத்தில் முதல் பிடி சற்று மேம்படுகிறது. பதிலுக்கு வெப்பத்தைத் தாங்கும் இரும்பு குறைகிறது, துளையோரங்களில் மயிரிழை விரிசல் தொடங்குகிறது. பள்ளக் கோடு போட்ட டிஸ்க் பேடைச் சுரண்டிச் சுத்தமாக வைக்கும். பேடு சீக்கிரம் தேயும், சத்தமும் கூடும். தினமும் வேலைக்கும் விடுமுறைக்கு மலைக்கும் போகும் காருக்கு, தயாரிப்பாளர் குறித்த அளவிலான சாதாரணக் காற்றோட்ட டிஸ்க்கே சரியான தேர்வு.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை கண்ணுக்குப் பளிச்சிடாதவை. ஒரே காருக்கான இரண்டு டிஸ்க்குகளைத் தராசில் வைத்தால், எடை குறைந்ததில் இரும்பைச் சேமித்திருக்கிறார்கள் என்பது புரியும். கார்பன் மிகுந்த வார்ப்பிரும்பு அதிர்வையும் வெப்பத்தையும் நன்றாகத் தாங்கும். நடுத்தொப்பியிலும் காற்று வழிகளிலும் துத்தநாகப் பூச்சு இருந்தால், கடலோர ஊர்களின் உப்புக் காற்றில் ஹப்போடு துருவேறி ஒட்டிக்கொள்வது குறையும். வளைந்த காற்று வழிகள் கொண்டவற்றில் இடம், வலம் என்று தனித்தனி உண்டு. ஒரே அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய டிஸ்க்கின் தடத்தில் தேய்ந்த பேடுகளைப் புதிய டிஸ்க்கில் போடக் கூடாது.

பூச்சில்லாத டிஸ்க்கில் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவி அனுப்புவார்கள். பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு மாட்ட வேண்டும். பிறகு பேடையும் டிஸ்க்கையும் பழக்க வேண்டும். பேடு தயாரிப்பாளரின் குறிப்பு இருந்தால் அதுவே விதி. இல்லாதபோது, காலியான சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 வரை, முழுதாக நிறுத்தாமல், மிதமாக எட்டுப் பத்து முறை பிரேக் அடித்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே சற்று ஓட்டி ஆறவிடலாம். சீரான படலம் அப்போதுதான் படியும். முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளின் இறுக்கத்தை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.