வெள்ளைக்கு முன்னால் உள்ள வேலை

அன்புள்ள தம்பி,

சகாரன்பூரில் காகிதத் தொழில்நுட்பம் படித்து முடித்து, மரக்கூழ் ஆலை ஒன்றில் வெளுப்புப் பிரிவின் ஷிப்ட் பொறியாளராகச் சேரப் போவதாக எழுதியிருந்தாய். மிகுந்த மகிழ்ச்சி. பேப்பர் மெஷின் பக்கம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், பிளீச் பிளான்ட் என்றதும் வீட்டில் பயப்படுகிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். அந்தப் பயம் நியாயமானது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். உன் வயதில் இந்த வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஏறத்தாழ இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள் என்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

நீ சத்தியவேட்டுப் பிள்ளை. வெட்டி அடுக்கிய தைலமரமும் சவுக்கும் லாரியில் ஏறிப் போவதைப் பார்த்து வளர்ந்தவன். இன்னொரு முனையும் உன் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்ரீசிட்டியில் யூனிசார்ம் நிறுவனம் நாப்கினும் டயப்பரும் செய்கிறது. அந்த மாதிரிப் பொருள்களுக்குள் வெள்ளை வெளேரென்று இருப்பதைப் பலர் பருத்திப் பஞ்சு என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது ஊசியிலை மரத்தை வேகவைத்து, வெளுத்து, பிரித்தெடுத்த நார். எழுதும் தாளில் மட்டும் அல்ல, பச்சைக் குழந்தையின் தோலிலும் படுகிறது வெளுத்த மரக்கூழ். நீ கையில் எடுக்கும் வேலை எங்கே போய் முடிகிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மரத்தில் நாரோடு நாரை ஒட்டிப் பிடித்திருப்பது லிக்னின். நம் அகன்ற இலை மரங்களில் எடையில் ஏறத்தாழ கால் பங்கு அதுதான். டைஜஸ்டரில் காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் சேர்த்து 160 டிகிரிக்கு மேல் வேகவைக்கும்போது அதில் பெரும்பகுதி கரைந்து கருங்கரைசலாக, நம் ஆட்கள் சொல்லும் பிளாக் லிக்கராக, வெளியே வருகிறது. எல்லாவற்றையும் அங்கேயே எடுத்துவிட முடியாது. அதற்குமேல் வேகவைத்தால் நாரே அறுந்துபோகும். மிச்சம் ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் கூழ் சாக்குப்பையின் நிறத்தில் வருகிறது. அந்த மிச்சத்தின் அளவுதான் காப்பா எண். காப்பா 18 என்றால் தோராயமாக டன்னுக்கு 27 கிலோ.

பாடப்புத்தகத்தில் இதைப் படித்திருப்பாய். ஆலையில் நின்று பார்த்தால்தான் புரிகிற விஷயம் அடுத்தது. வெளுப்புப் பிரிவின் வாசலுக்கு முன்னால் கழுவி எடுக்கப்படும் லிக்னின் எல்லாம் ஆவியாக்கிகள் வழியாக ரெக்கவரி பாய்லருக்குப் போகிறது. அங்கே எரிந்து நீராவி ஆகிறது, மின்சாரம் ஆகிறது, வேகவைத்த ரசாயனமும் திரும்பக் கிடைக்கிறது. அதே லிக்னின் வாசலைத் தாண்டிக் குளோரின் கலந்த ரசாயனத்தோடு சேர்ந்துவிட்டால் பாய்லருக்குப் போக முடியாது. குளோரைடு பாய்லரின் குழாய்களை அரிக்கும், அடைக்கும். ஆகவே அது கழிவுநீராகிறது. 1960இல் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்து ஆந்திரத்துச் சித்தூரோடு சேர்ந்த ஊர்க்காரன் நீ. ஒரு கோட்டுக்கு அந்தப் பக்கம் போனதும் அதே மண்ணுக்கு வேறு கணக்கு எழுதப்படும் என்பது உனக்குத் தெரியும். இங்கேயும் அப்படித்தான். கோட்டுக்கு இந்தப் பக்கம் எரிபொருள், அந்தப் பக்கம் மாசு. உன் முழுத் தொழில் வாழ்க்கையும் இந்த ஒரு கோட்டைச் சுற்றித்தான் இருக்கப் போகிறது.

இதனால்தான் உன்னிடம் முதலில் கேட்டுக்கொள்வது, வெளுப்புக் கோபுரங்களைப் படிப்பதற்கு முன் பழுப்புக் கூழ் கழுவும் வாஷர்களைப் படி என்பது. பிளீச் பிளான்ட்டில் சேர்கிற இளைஞர்கள் குளோரின் டையாக்சைடு அளவையும், வெண்மை காட்டும் மீட்டரையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இல்லை. டிரம்மின் மேல் கூழ்ப்படலம் ஒரே சீராக இருக்கிறதா? ஷவர் துளைகள் அடைத்திருக்கின்றனவா? தொட்டியில் நுரை கட்டுகிறதா? படலத்தில் ஓர் ஓரம் கருத்துத் தெரிகிறதா? கையில் ஒரு பிடி கூழை எடுத்துப் பிழிந்து, வழிகிற நீரின் நிறத்தைப் பார். சரியாகக் கழுவாத கூழ் தன்னோடு கருங்கரைசலையும் சுமந்துகொண்டு வரும். நீ விலை கொடுத்துச் செய்த குளோரின் டையாக்சைடை முதலில் தின்பது அந்தக் கரைசல்தான். நாரில் ஒட்டியிருக்கும் லிக்னினுக்கு அதன் மிச்சம்தான் கிடைக்கும். வெண்மை குறையும், நீ அளவைக் கூட்டுவாய், செலவு ஏறும், கழிவுநீர் கெடும். மருந்தைக் கூட்டுவதற்கு முன் வாஷரைப் போய்ப் பார்க்காத ஷிப்ட் பொறியாளரை நான் நல்ல பொறியாளர் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதில் ஒரு சண்டையும் வரும், தயாராக இரு. ஷவரில் தண்ணீர் கூட்டினால் கூழ் நன்றாகக் கழுவப்படும். ஆனால் கருங்கரைசல் நீர்த்துப்போய் அதைச் சுண்டவைக்க நீராவி அதிகம் செலவாகும். ரெக்கவரி பிரிவுக்காரர்கள் தண்ணீரைக் குறைக்கச் சொல்லிப் போன் செய்வார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. கோபப்படாமல் இரண்டு பக்கக் கணக்கையும் ஒரே தாளில் போட்டுக் காட்டு. உன் ஆலையில் வெளுப்புக்கு முன் ஆக்சிஜன் நிலை இருந்தால் கணக்கு இன்னும் தெளிவாகும். அது காப்பாவை 18இலிருந்து 10 பக்கம் இறக்கித் தரும், எடுத்த லிக்னினும் பாய்லருக்கே போகும். முதல் குளோரின் டையாக்சைடு நிலையில் காப்பா ஒவ்வொன்றுக்கும் 0.2 சதவீதம் செயல்படு குளோரின் என்று எடுத்துக்கொண்டால், காப்பா 18க்கு டன்னுக்கு ஏறத்தாழ 13.7 கிலோ குளோரின் டையாக்சைடு வேண்டும். காப்பா 10க்கு 7.6 கிலோ போதும்.

காப்பா எண்ணை அப்படியே நம்பிவிடாதே என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். நம் அகன்ற இலை மரங்களின் நாரில், வேகும்போது ஹெக்ஸனியூரானிக் அமிலம் என்று ஒன்று உருவாகிறது. அது லிக்னின் இல்லை. ஆனால் காப்பா சோதனையில் பெர்மாங்கனேட்டைக் குடித்துக் காப்பாவாகவே காட்டும், கோபுரத்தில் குளோரின் டையாக்சைடையும் குடிக்கும். ஆக்சிஜன் நிலை அதைத் தொடாது. சூடான அமில நிலைதான் அதைக் கரைக்கும். விட்டுவைத்தால் தாள் நாளடைவில் மஞ்சளாகும். ஒரே காப்பாவில் வரும் இரண்டு லோடு கூழ் இரண்டு விதமாக நடந்துகொண்டால் மர முற்றத்துக்குப் போய் எந்த மரம் எந்த விகிதத்தில் போனது, பட்டை உரித்து வந்ததா என்று கேள். மரம் விளையும் ஊரிலிருந்து வந்தவன் நீ. அந்த முற்றத்தில் நிற்கும் லாரிக்காரரிடம் தெலுங்கிலும் தமிழிலும் பேச உன்னால் முடியும். ஆய்வுக்கூடம் தராத தகவல் பல அங்கே கிடைக்கும்.

கொஞ்சம் பழைய கதை. 1774இல் ஷீலே என்ற வேதியியலாளர் குளோரினைக் கண்டறிந்தார், 1780களில் பெர்த்தோலே அதைத் துணி வெளுக்கப் பயன்படுத்திக் காட்டினார். காகிதம் அதைத் துணியிடமிருந்து வாங்கிக்கொண்டது. நம் நாட்டு ஆலைகளில் நெடுங்காலம் நடந்த வரிசை குளோரின் வாயு, காஸ்டிக், பிறகு ஹைப்போ என்கிற ஹைப்போகுளோரைட் இரண்டு முறை. மலிவு, எளிது. 1980களின் நடுவில் அமெரிக்காவில் கூழ் ஆலைகளுக்குக் கீழே ஓடும் ஆறுகளின் மீன்களில் டையாக்சின் இருப்பது தெரியவந்தது. தனிம குளோரின் லிக்னினோடு ஒட்டிக்கொண்டு குளோரினேற்றப்பட்ட நச்சுகளை உண்டாக்குகிறது என்பது புரிந்தது. நுரையடக்கப் போட்ட எண்ணெய்க் கலவைகளில் இருந்த அசுத்தமும் டையாக்சினுக்கு மூலப்பொருளானது என்பதும் பிறகு தெரிந்தது. குளோரின் டையாக்சைடு லிக்னினை உடைக்கும், ஆனால் அதனோடு அவ்வளவாக ஒட்டாது. அதனால்தான் உலகம் அதற்கு மாறியது. 2001இன் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை இந்தியா 2006இல் ஏற்றது. அதற்கு முன்பே, 2003இல், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த சாசனம் பெரிய ஆலைகள் கழிவில் விடும் கரிமக் குளோரின் சேர்மங்களை, ஏஓஎக்ஸ் என்கிற அளவை, ஐந்து ஆண்டுகளில் டன்னுக்கு 1 கிலோவுக்குக் கொண்டுவரச் சொன்னது. 2000களின் பிற்பாதியில் காகிதபுரத்துத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலையும் பள்ளிபாளையத்துச் சேஷசாயி ஆலையும் தனிம குளோரினை விட்டு வெளியே வந்தன.

ஆறு கெட்ட கதையும் நம் பக்கம் உண்டு. சிறுமுகையில் பவானிக்கரையில் மரக்கூழிலிருந்து விஸ்கோஸ் இழை செய்த ஆலை ஒன்று இருந்தது. கேரளத்தில் சாலியாற்றங்கரையில் மாவூரில் ரேயான் கூழ் ஆலை இருந்தது. இரண்டு இடத்திலும் ஆறு கெட்டது, கரையோர மக்கள் போராடினார்கள். மாவூர் ஆலை 2001இல் மூடப்பட்டது, சிறுமுகையும் நிலைக்கவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்தச் சம்பளத்தில் வாழ்ந்தவை. ஆற்றைக் காப்பதும் வேலையைக் காப்பதும் எதிரெதிர் என்று யாராவது உன்னிடம் சொன்னால் அந்த இரண்டு ஊர்களையும் நினைத்துக்கொள். உன் ஊர்ப் பக்கமாகத்தான் கண்டலேறு–பூண்டிக் கால்வாய் போகிறது. அதில் வரும் கிருஷ்ணா நீரையும் சென்னை குடிக்கிறது. மேலே இருப்பவன் செய்வது கீழே இருப்பவன் வீட்டுக் குடத்துக்கு வரும் என்பதை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வீட்டார் பயத்துக்கு வருகிறேன். குளோரின் டையாக்சைடை லாரியில் கொண்டுவர முடியாது. வாயு செறிந்தால் தானாகவே வெடித்துச் சிதையும். அதனால் சோடியம் குளோரேட்டிலிருந்து ஆலையிலேயே தயாரித்து, குளிர்ந்த நீரில் லிட்டருக்கு 10 கிராம் அளவில் கரைத்து வைக்கிறார்கள். வேலைநேரம் முழுவதும் சுவாசிக்கக்கூடிய வரம்பு காற்றில் பத்து லட்சத்தில் 0.1 பங்குதான். வாசனை தெரிகிறது என்றாலே அதிகம் என்று எடுத்துக்கொள். பழகிவிட்டது என்று சொல்கிற மூத்த ஆபரேட்டர் இருப்பார். அவர் மேல் மரியாதை வை, அவர் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் ஏற்காதே. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்காமல் மாடியேறாதே. தப்பிக்கும் முகமூடி இடுப்பில் இருக்கட்டும், அலமாரியில் அல்ல. ஹைப்போ இருக்கும் சாக்கடையில் அமிலம் கலந்தால் குளோரின் கிளம்பும், கருங்கரைசலில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். எந்த வடிகால் எதோடு சேர்கிறது என்பதை வரைபடத்தில் பார்த்தால் போதாது, நடந்து பார். பெராக்சைடு கலந்த கூழை இருபுறமும் மூடிய பம்பில் நிறுத்திவைத்தால் அது சிதைந்து ஆக்சிஜன் அழுத்தத்தில் பம்பையே உடைக்கும். கோபுரத்துக்குள்ளோ தொட்டிக்குள்ளோ அனுமதிச் சீட்டும் வாயுப் பரிசோதனையும் வெளியே ஓர் ஆளும் இல்லாமல் யாரையும் இறக்காதே. உற்பத்தி நின்றால் நிற்கட்டும். இதை எழுதும்போது என் கை இறுகுகிறது. இந்தத் தொழிலில் மனிதர்கள் போனதெல்லாம் பெரும்பாலும் அவசரத்தால்தான்.

வெண்மையைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். வெண்மை 80 வரை கூழ் இணக்கமாக ஏறும். அதற்குமேல் ஒவ்வொரு புள்ளிக்கும் மருந்து அதிகம், நாரின் வலு குறைவு. கோபுரத்தில் மருந்து முழுவதும் தீர்ந்த பிறகும் கூழ் சூட்டில் நின்றால், ஏறிய வெண்மை திரும்ப இறங்கும். ஆகவே வெளிவரும்போது கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும், நிறைய வேண்டாம். சந்தையோ நீலம் பாய்ந்த வெள்ளை கேட்கிறது. ஒளிர்பொருள் சேர்த்துக் கண்ணை ஏமாற்றியும் தருகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கு 90 வெண்மை தேவையே இல்லை என்பது என் முடிவு. சற்றே பழுப்பேறிய தாள் கண்ணுக்கும் இதம், ஆற்றுக்கும் சுமை குறைவு. இதை விற்பனைப் பிரிவிடம் சொல்லும் இடத்துக்கு நீ ஒருநாள் வருவாய். அப்போது மறக்காமல் சொல்.

சுத்திகரித்த கழிவுநீரைச் சில ஆலைகள் சுற்றுவட்டார வயல்களுக்குப் பாசனத்துக்கு விடுகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நுண்ணுயிர்க் குளங்கள் கரிமக் கழிவைத் தின்னும், கரைந்த உப்பைத் தின்னாது. நீ கோபுரத்தில் கூடுதலாகப் போடும் ஒவ்வொரு கிலோ குளோரினும் கடைசியில் யாரோ ஒருவரின் கரும்புத் தோட்டத்து மண்ணில் உப்பாகத் தங்கும்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு நடந்து போ. அங்கே ஷிப்ட் பார்ப்பவரிடம் உன் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள், அவர் செல்பேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள். உன் பிரிவில் எது மாறினாலும் முதலில் தெரியவேண்டியவர் அவர். சந்தேகம் எதுவானாலும் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் தொழிலில் மூத்த ஒருவன்