பக்கத்துப் புஞ்சையின் பத்திரம்

பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கு மனுச் செய்து, ஒன்றுமில்லை என்று எழுதி வந்த காகிதத்தைக் கண்டு மகிழ்கிறவர்களும் மனமுடைகிறவர்களும் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். அந்தக் காகிதம், நாம் கொடுத்த சர்வே எண்ணின் கீழ், நாம் குறித்த காலத்துக்குள், அந்த ஒரு அலுவலகத்துப் புத்தகங்களில் எதுவும் அகப்படவில்லை என்று மட்டுமே சொல்கிறதேயொழிய, நிலத்தின் பூர்வோத்தரம் அவ்வளவுதான் என்று தீர்ப்புக் கூறவில்லை. இந்த வித்தியாசத்தை என் மைத்துனரும், அவர் எங்கிருந்தோ அழைத்து வந்த பத்திர எழுத்தரும் ஒப்புக்கொள்ள மறுத்ததனால் எங்கள் குடும்பத்துக்கு ஒரு வெள்ளாமைக் காலம் முழுவதும் விரயமாயிற்று. அதற்குள், எங்கள் பாட்டனார் புஞ்சையின் பட்டாவைத் தம் பெயரில் வைத்திருந்த பங்காளி, அதை ஒத்திக்கு வைத்துப் பணமும் வாங்கிவிட்டார்.

உங்கள் வீட்டு நிலைமையும் இதுவாகத்தான் இருக்கும்: மூலப்பத்திரம் தகரப் பெட்டியிலேயே கறையானுக்கு இரையாகியிருக்கும், 1979-இல் தொடங்கி எண்பதுகளில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது எல்லோரும் யூ.டி.ஆர். என்று சொல்லும் அந்தக் காரியத்தில், பட்டா வேறொருவர் பெயருக்கு ஏறியிருக்கும். 1980-இல் கர்ணம் பதவி ஒழிந்தபோது எந்தப் புஞ்சை யாருடையது என்று தூக்கத்திலும் சொல்லக்கூடிய மனிதரும் வீட்டுக்குப் போயிருப்பார்.

"நம்பரைப் போட்டால் வந்துவிடப் போகிறது, மச்சான்" என்றார் மைத்துனர். சென்னையில் மனை வாங்கியவருக்கு அது அனுபவ ஞானம்; ஆனால் எங்கள் ஊர் சிவகங்கை ஜமீனைச் சேர்ந்திருந்த ஊர். 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு சர்க்கார் அளந்து கொடுத்த எண்தான் இன்று பட்டாவில் இருக்கிறது; அதற்கு முந்தைய பத்திரங்களில் எழுதப்பட்டிருப்பது ஜமீன் காலத்துப் பைமாஷ் எண். இன்றைய எண்ணைச் சொல்லி அன்றைய பத்திரத்தைக் கேட்பது, பேரனுடைய பள்ளிக்கூடப் பெயரைச் சொல்லிப் பாட்டனாரின் பால்ய சிநேகிதரிடம் விலாசம் விசாரிப்பதை ஒக்கும். நான் இதை ஆரம்பத்திலேயே சொன்னேன். ஆனால் தேடிப் பார்த்து ஒன்றுமில்லை என்று சான்று வந்தவுடன், பாட்டனார் கிரயமே பெறவில்லை, வெறும் அனுபவ பாத்தியதைதான் இருந்தது என்று பத்திர எழுத்தர் தீர்மானம் செய்து, பங்காளியோடு ராஜியாகப் போகும்படி உபதேசமும் செய்தார்.

மனு, கட்டணம், காத்திருப்பு ஆகியவற்றை விவரிக்க வேண்டியதில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவையே. தெரிந்துகொள்ள வேண்டியது, ஒவ்வோர் இடமும் தன் பொருளை என்ன கிரமத்தில் வைத்திருக்கிறது என்பதுதான். தாலுகா அலுவலகம் எண்ணைக் கொண்டு பேசும். பதிவு அலுவலகத்திலோ நிலப் பத்திரங்களுக்கு இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்களைக் கொண்டது, மற்றொன்று சொத்தைக் கொண்டது. எண் கைவிட்ட இடத்தில் பெயர் கைகொடுக்கும். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் உரிய கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம். உயில்கள் ஏறும் மூன்றாம் புத்தகத்துக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. முதல் புத்தகம் எல்லோருக்கும் பொது என்பதால், உமக்கென்ன பாத்தியதை என்று யாராவது மிரட்டினால் மிரள வேண்டாம். உங்கள் கிராமம் இடையில் வேறு சார்பதிவகத்தின் எல்லைக்கு மாறியிருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெயர் அட்டவணையில் பாட்டனார் பெயரிலும் ஒன்றும் இல்லை என்று வந்தபோது, மைத்துனர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை. அலுவலகங்களை விட்டுவிட்டு ஊருக்குப் போனேன். ஊரில் எண்ணும் இல்லை, அட்டவணையும் இல்லை. குட்டைக்காடு, வேப்பமரத்துப் புஞ்சை என்று வயலுக்கு வயல் பெயரும், இன்னாருக்கு மேற்கு, இன்னாருக்குத் தெற்கு என்ற சக்குபந்தியும்தான் உண்டு. மேற்குப் பக்கத்துப் புஞ்சைக்காரர், தொண்ணூறை நெருங்கியவர், நான் வந்த காரியத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏப்பா, எங்க பத்திரத்துல கெழக்கு எல்லைக்கு உங்க அப்பத்தா பேருல்ல போட்டிருக்கு!"

பாட்டனார் அப்பத்தாவின் பெயரில் கிரயம் வாங்கியிருக்கிறார். பெண்டிர் பெயரில் நிலம் வாங்குவது அக்காலத்தில் புதுமையன்று. பக்கத்துப் பத்திரம் 1946-இல் பதிவானது. அதில் எல்லைக்காரியாக அப்பத்தா இருக்கிறாள் என்றால், எங்கள் கிரயம் அதற்கு முந்தியதாகவே இருக்க வேண்டும். ஆக, பெயரும் கிடைத்தது, தேட வேண்டிய ஆண்டுகளும் சுருங்கின. அந்தப் பெயரைக் கொண்டு ஆண்டு ஆண்டாகப் பின்னோக்கிப் பார்த்ததில் 1943-ஆம் ஆண்டுப் பத்திரம், பைமாஷ் எண்ணோடு வெளிப்பட்டது.

தம் பத்திரம் காணாமற் போனவர்கள் தம்முடையதையே தேடித் தேடி மாய்கிறார்கள். எல்லைக்காரர் பத்திரங்களை எண்ணிப் பார்ப்பதே இல்லை. நான் அந்த ஒன்றோடு நிற்காமல் நான்கு எல்லைக்கும் நகல் மனுப் போட்டேன். இது அநாவசியச் செலவு என்று மைத்துனர் அதற்கும் ஓர் அபிப்பிராயம் சொன்னார். வடக்கு எல்லை, பட்டாவைத் தம் பெயரில் வைத்திருக்கும் அதே பங்காளியின் தகப்பனார் கிரயம் வாங்கிய நிலம். அந்தக் கிரயப் பத்திரத்தில் தென்னெல்லையாக என் அப்பத்தாவின் பெயர் தெளிவாக எழுதப்பட்டு, அதன் கீழே அவருடைய தகப்பனாரே சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்தும் இட்டிருக்கிறார். பட்டாத் திருத்தம் கோரி மாவட்ட வருவாய் அலுவலரிடம் செய்த மனு விசாரணைக்கு வந்த அன்று, எங்கள் 1943-ஆம் ஆண்டு நகலைப் பிற்பாடு கொடுத்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டு, அந்த வடக்கு எல்லை நகலைத்தான் முதலில் நீட்டினேன்.