வீதிப் பனியகற்றும் திரவங்களும் சூழற் பாதிப்புகளும்

அறிமுகம்
கனடா, ஐக்கிய அமெரிக்காவின் வடபகுதி, வட ஐரோப்பா ஆகிய பிரதேசங்களில் மாரிகாலத்தில் வீதிகளில் பனிக்கட்டி படிவதால் வாகனங்கள் வழுக்கி விபத்துகள் ஏற்படுகின்றன. உப்புக் கரைசலின் உறைநிலை தூய நீரின் உறைநிலையிலும் குறைவாகும். எனவே வீதிக்கு உப்பு இடப்படுகின்றது. இன்று உலர் உப்புடன் திரவங்களும் பயன்படுத்தப்படுகின்றன.

பிரதான திரவங்கள்
1. சோடியம் குளோரைட்டு உவர்க்கரைசல்: மலிவானது. ஏறத்தாழ 23% செறிவில் −21° செ. வரை உறையாது.
2. மகனீசியம் குளோரைட்டு, கல்சியம் குளோரைட்டு: இதனிலும் கடுங்குளிரில் பயன்படும்.
3. அசற்றேற்றுக்கள்: குளோரைட்டு அற்றவை, விலை கூடியவை. விமான ஓடுபாதைகளுக்கு இடப்படும்.
4. பீற்கிழங்குச் சாறு: உவர்க்கரைசலுடன் கலந்து இடப்படும்.

திரவமாக இடுவதன் நன்மை
உலர் உப்பில் ஒரு பகுதி வாகனச் சில்லுகள் பட்டு வீதிக்கு வெளியே சிதறும். திரவம் வீதியில் ஒட்டி நிற்கும். பனி பெய்யுமுன் இட்டால் பனிக்கட்டி வீதியுடன் இறுகாது. ஆகவே குறைந்தளவு உப்பே போதும்.

நினைவிற் கொள்க: திரவம் என்பதால் அது தீங்கற்றது எனக் கருதுதல் தவறு. உப்பின் அளவுதான் குறைகின்றது; இட்ட குளோரைட்டு அழிவதில்லை.

சூழற் பாதிப்புகள்
நீர்: பனி உருகும்போது குளோரைட்டு ஓடைகளையும் நிலக்கீழ் நீரையும் அடைகின்றது. நுண்ணங்கிகளால் அது பிரிகையடையாது. 2011இல் கனடா வகுத்த வழிகாட்டியின்படி, நன்னீர் உயிரினங்களுக்கு நீண்டகால நோக்கில் குளோரைட்டு இலீற்றருக்கு 120 மில்லிகிராமை மீறக்கூடாது. 23% உவர்க்கரைசல் 1 இலீற்றரில் ஏறத்தாழ 166 கிராம் குளோரைட்டு உண்டு. அதனை இவ்வெல்லைக்குள் ஐதாக்க ஏறத்தாழ 1,380 இலீற்றர் நீர் வேண்டும்!

மண்: சோடியம் அயன்கள் கல்சியம், மகனீசியம் அயன்களை இடம்பெயர்ப்பதால் மண்ணின் கட்டமைப்புச் சிதைந்து, நீர் உட்புகுவது குறையும்.

தாவரம்: மண்ணில் உப்புச் செறிவு கூடும்போது வேர்கள் நீரை உறிஞ்ச முடியாது. வீதியோர மரங்களின் இலைகள் கருகும்.

ஒட்சிசன்: அசற்றேற்றும் பீற்சாறும் சேதனப் பொருட்கள். இவற்றைப் பற்றீரியா பிரிகையாக்கும்போது நீரில் கரைந்துள்ள ஒட்சிசன் குறையும். பீற்சாற்றிலுள்ள பொசுபரசு அல்கா வளர்ச்சியையும் தூண்டும்.

உதாரண ஆய்வு
ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ரொச்செஸ்ரர் நகருக்கு அருகில் இரண்டிகொய்ட் குடா உள்ளது. 1969–70 மாரிகாலத்தில் வீதிகளிலிருந்து வந்த உப்புநீர், அடர்த்தி கூடியதால் குடாவின் அடியில் தங்கியது. வழமையாக இளவேனிலில் மேல்நீரும் கீழ்நீரும் முற்றாகக் கலக்கும். அவ்வருடம் அது நிகழவில்லை. இவ்வாறு கலக்காதபோது அடிநீருக்கு மேலிருந்து ஒட்சிசன் கிடைப்பது தடைப்படும். அங்கு வாழும் உயிரினங்கள் பாதிப்புறும்.

கனடாவில் 2001இல் வெளியான அரச மதிப்பீடு, வீதி உப்புக்கள் சூழலுக்கு நச்சுத்தன்மையானவை என முடிவு செய்தது. எனினும் தடை விதிக்கப்படவில்லை. 2004இல் அவற்றை முகாமை செய்வதற்கான நடைமுறைக் கோவையே வெளியிடப்பட்டது. காரணம் யாது? உப்பை முற்றாக நிறுத்தினால் வீதிகளில் மனித உயிர்கள் பலியாகும்.

தீர்வுகள்
• வீதியின் வெப்பநிலையை அளந்து, தேவையான அளவு மட்டும் இடுதல்.
• பனி பெய்யுமுன் திரவம் இடுதல்.
• பனியை முதலில் இயந்திரத்தால் வழித்து அகற்றுதல்.
• உப்புக் களஞ்சியங்களுக்குக் கூரை அமைத்தல்.
• நீர்நிலைகளுக்கு அண்மையில் வேகக் கட்டுப்பாட்டுடன் உப்பைக் குறைத்தல்.

மாதிரி வினா
“வீதிப் பனியகற்றும் திரவங்கள் ஒரு பிரச்சினையைத் தீர்த்து இன்னொன்றை உருவாக்குகின்றன.” ஆராய்க.

விடைக் குறிப்பு: “உப்பைத் தடைசெய்ய வேண்டும்” என்ற ஒரே வரியில் விடையை முடிக்க வேண்டாம். வீதிப் பாதுகாப்பு, நன்னீர் ஆகிய இரு பக்கங்களையும் உதாரணத்துடன் எழுதுக. ஒவ்வொரு பதிலீட்டுத் திரவத்திற்கும் அதற்கே உரிய பாதிப்பு உண்டு என்பதைக் காட்டுக. “வேறொன்றை இடுதல்” அன்றி “குறைவாக இடுதல்” என்பதே முதன்மைத் தீர்வு என முடிவுரை அமையட்டும்.