தெளிந்த நீரும் தூய நீரும்

திருக்குறளில் கடவுள் வாழ்த்தினை யடுத்து வான்சிறப்பு அமைந்திருத்தலை நாம் அறிவோம். நீரின் அருமையை இங்ஙனம் போற்றும் நாம், பருகும் நீர் தூயதோ என ஆராய்வதில் கண்ணையும் நாவையுமே நம்பி அமைந்துவிடுகின்றோம். அந்நம்பிக்கை எத்துணைத் தீங்கு விளைக்கும் என்பதற்கு ஒரு வரலாற்றினை ஈண்டுக் கூறுதும்.

1854-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் சோஹோ பகுதியில் வாந்திபேதி தோன்றிச் சில நாட்களில் நூற்றுக்கணக்கானோரை மாய்த்தது. ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர், இறந்தோர் எந்நீரைப் பருகினர் என வினவிச் சென்று, பிராட் தெருவின் நீரிறைக்கும் குழாயே காரணம் எனத் துணிந்தார். செப்டம்பர் 8-ஆம் நாள் அதன் கைப்பிடி கழற்றப்பட்டது. அந்நீரின் சுவையை விரும்பித் தொலைவிலிருந்து வரவழைத்துப் பருகிய மூதாட்டி யொருவரும் இறந்தனர். ஸ்நோவின் கொள்கையை மறுக்கப் புகுந்த ஹென்றி ஒயிட்ஹெட் என்னும் குருவானவரே, தம் விசாரணையால் அதனை மெய்ப்பித்தார். நோயுற்ற குழந்தையின் துணிகளை அலசிய நீர், கிணற்றுக்குச் சில அடி தொலைவிலிருந்த கழிவுக்குழியிற் சேர்ந்து, சிதைந்த சுவர் வழியே கசிந்திருந்தது.

ஆகவே, நீரை நோக்குமுன் கிணற்றின் சூழலை நோக்குதல் வேண்டும். முதலாவது, பத்து மீட்டர் எல்லைக்குள் கழிப்பிடமோ எருக்குழியோ தொழுவமோ உளதா? மேட்டு நிலத்தில் கழிப்பிடம் இருப்பின் இடர் மிகும். இரண்டாவது, மழைநீர் உட்புகாவண்ணம் கைப்பிடிச் சுவரும் மூடியும் உளவா? மூன்றாவது, சுற்றுத்தளம் பிளவின்றி, சிந்திய நீர் வடிகாலில் ஓடுகின்றதா? நான்காவது, கயிறும் வாளியும் தரையிற் கிடக்கின்றனவா? இவ்வாய்வினை மழைக்காலத்திற் செய்தல் சாலச் சிறந்தது. மறைந்த குறைகள் அப்போது வெளிப்படும்.

ஆய்வுக்கூடச் சோதனையும் வேண்டுவதே. 100 மில்லிலிட்டர் குடிநீரில் ஈ. கோலி என்னும் நுண்ணுயிர் ஒன்றேனும் காணப்படலாகாது. புளோரைடு, ஆர்செனிக் முதலியவற்றைக் கண் காணாது, சோதனையே காட்டும். எனினும், சோதனை அன்று எடுத்த நீரின் நிலையையே கூறும். சூழலாய்வோ நாளை வரக்கூடிய கேட்டையும் முன்னுணர்த்தும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. குளோரின் இட்ட நீர் அரைமணி நேரமேனும் நின்ற பின்னர், லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சி நிற்றல் நன்று. ஆயினும், குளோரின் இடுதல் பிளவை அடைத்ததாகாது.

சென்ற விடுமுறையில் யான் இம்முறையே எம்மூர்க் கிணற்றைச் சுற்றி வந்தேன். இளமை முதல் யான் பருகிய இனிய நீர் அது. தளத்தில் நீண்ட பிளவு. அதனருகே மாடுகள் நின்ற சேறு. பெரியோரிடம் உரைத்தபோது, "தலைமுறை தலைமுறையாகக் குடிக்கின்றோமே" என்றனர். யான் பிராட் தெருவின் கதையைக் கூறினேன். மறுவாரம் பிளவு பூசப்பட்டது. மாடுகள் அப்பால் கட்டப்பட்டன. நீரின் சுவை மாறவில்லை. அதனைப் பருகும் என் மனநிலையே மாறிற்று.

மாணவ நண்பர்காள், அடுத்த விடுமுறையில் நுங்கள் ஊர்க் கிணற்றையும் ஒருமுறை சுற்றி வம்மின்.