பழைய ஜிப்சிக்கு இரிடியம் பிளக் வாங்கும் முன்...

மாருதி ஜிப்சி போன்ற பழைய பெட்ரோல் வண்டிக்கு இரிடியம் ஸ்பார்க் பிளக் போடலாம். ஆனால், அளவு பொருந்த வேண்டும்.

• கழற்றிய பிளக்கை மட்டும் நம்பாதீர்கள். முன்பு யாரோ தவறாக மாட்டியிருக்கலாம். வண்டிக் கையேட்டில் உள்ள எண்ணே சரி.

• எண்ணைப் படிக்கப் பழகுங்கள். உதாரணமாக, என்ஜிகே நிறுவனத்தின் ‘பிபிஆர்6ஈஎஸ்’: முதல் ‘பி’ 14 மி.மீ. மரை, ‘ஆர்’ ரெசிஸ்டர், ‘6’ ஹீட் ரேஞ்ச் (வெப்பத்தைக் கடத்தும் திறன்), ‘ஈ’ 19 மி.மீ. மரை நீளம். இதற்கு இணையான இரிடியம் பிளக் ‘பிபிஆர்6ஈஐஎக்ஸ்’.

• மரை நீளம் கூடினால் பிஸ்டனில் இடிக்கலாம். குறைந்தால் மரையில் கரி படியும்.

• என்ஜிகே, டென்சோவில் ஹீட் ரேஞ்ச் எண் கூடக்கூட பிளக் ‘குளிர்’ வகை. பாஷ், சாம்பியனில் நேர் எதிர். என்ஜிகே 6-க்கு இணை டென்சோ 20.

• இடைவெளியைக் கம்பி கேஜால் பாருங்கள். இரிடியம் முனை ஊசிபோல் மெல்லியது. அதை நெம்பக் கூடாது, கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவும் கூடாது.

• இன்ஜின் ஆறிய பிறகு, முதலில் கையால் திருகுங்கள். இறுகியதும் ஸ்பேனரால் அரை முதல் மூன்றில் இரண்டு பங்கு சுற்றுக்குள் நிறுத்துங்கள்.

• பிளக் வயர், கார்புரேட்டர் கோளாறுகளை இரிடியம் தீர்க்காது. அவற்றை முதலில் சரிசெய்யுங்கள்.

• டீசல் ஜீப்புக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது.