படிக்கட்டுக் கார்ப்பெட்டை நானே கழற்றலாமா?

கேள்வி: லண்டன் ஹரோவில் 1930களில் கட்டிய வீடொன்றை அண்மையில் வாங்கினோம். படிக்கட்டு முழுக்கப் பழைய கார்ப்பெட். முன்பிருந்தவர்கள் நாய் வளர்த்தார்கள் போல, எத்தனை முறை கழுவியும் வாடை போகவில்லை. கழற்றிவிட்டு, மரப்படியாகவே வார்னிஷ் அடித்து வைக்க ஆசை. கணவர் ஆள் பிடிக்கலாம் என்கிறார். நானே செய்ய முடியுமா? மாமியும் எங்களோடுதான் இருக்கிறார்.
— ஒரு வாசகி, ஹரோ

பதில்: கழற்றுவது உங்களால் தாராளமாக முடியும். வார்னிஷ் ஆசையை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அடியில் இருக்கும் மரத்தைப் பார்த்த பிறகுதான் அதை முடிவு செய்ய வேண்டும்.

படிக்குக் கீழே அலமாரி இருந்தால் உள்ளே போய் டார்ச் அடித்துப் பாருங்கள். பலகைகளின் அடிப்பக்கம் தெரியலாம். பெரும்பாலும் பைன் மரமாகத்தான் இருக்கும். பலகை பிளந்திருக்கிறதா, பூச்சி துளைத்த பொடி ஓட்டைகள் உண்டா, இடையில் பிளைவுட் வைத்து ஒட்டுப்போட்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள். பிறகு மேல்படியின் மூலையில் கார்ப்பெட்டைக் குறடால் பிடித்து ஒரு சாண் தூக்குங்கள். அந்தக் காலத்தில் படியின் நடுவில் மட்டும் ஒடுக்கமான கார்ப்பெட் விரித்து, பித்தளைக் கம்பியால் பிடித்து வைப்பார்கள். அதனால் இரு ஓரமும் கரும்பழுப்புப் பெயின்ட், நடுவில் வெறும் மரம் என்று இருந்தால் திகைக்க வேண்டாம்.

கவனம் தேவைப்படுவது அந்தப் பெயின்டில்தான். 1960களுக்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருப்பது சாதாரணம். சோதிக்கும் கிட் கடையில் கிடைக்கும். ஈயம் என்று தெரிந்தால் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், ஹீட் கன்னும் வேண்டாம். அதன்மேலேயே பெயின்ட் அடித்து மூடிவிடுங்கள். மாடிப் படியோரத் தளத்தில் கறுப்புப் பசையில் ஒட்டிய பழைய ஓடுகள் தென்பட்டால் பெயர்க்காமல் நிறுத்துங்கள். அவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரிட்டனில் அது முழுமையாகத் தடைசெய்யப்பட்டதே 1999இல்தான்.

இந்தத் தடை எதுவும் இல்லையென்றால் வேலையைத் தொடங்கலாம். கனத்த கையுறை, கண்ணாடி, தூசி மாஸ்க், தடித்த அடியுள்ள சப்பாத்து நான்கும் கட்டாயம். மேலிருந்து கீழே வாருங்கள். தூசி கிளம்பாமலிருக்க லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம். கார்ப்பெட்டை இழுத்துப் பிரித்த பின், மூன்று நான்கு படிக்கு ஒரு துண்டாக முதுகுப் பக்கத்திலிருந்து வெட்டுங்கள். படியில் வைத்து வெட்டினால் மரத்தில் கத்திக் கீறல் விழும். வார்னிஷ் அடித்ததும் அது இன்னும் பளிச்சென்று தெரியும்.

அடுத்தது கிரிப்பர் என்ற ஆணிப் பட்டை. வழக்கமாக ஒவ்வொரு படியின் உள்மூலையிலும் இரண்டு இருக்கும். அதன் முனைகள் நெருஞ்சி முள்ளைவிட மோசம். ஆணி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நெம்புங்கள், நடுவில் நெம்பினால் சிம்பாக உடைந்து தெறிக்கும். நெம்புகம்பிக்கு அடியில் மெல்லிய பலகைத் துண்டு ஒன்றைக் கொடுத்தால் படியில் பள்ளம் விழாது. எடுத்த பட்டைகளை உடனே ஒரு வாளியில் போடுங்கள். கார்ப்பெட் போய்ப் பட்டை மட்டும் இருக்கும் படிக்கட்டை இரவு அப்படியே விட்டுப் படுக்கப் போகாதீர்கள்.

பொறுமையைச் சோதிப்பது ஸ்டேப்பிள் பின்கள்தான். அடிமெத்தையைப் பிடித்திருந்தவை நூற்றுக்கணக்கில் இருக்கும். தட்டை ஸ்க்ரூடிரைவரால் ஒரு காலைக் கிளப்பி, குறடால் உருட்டி எடுங்கள். முறிந்து நிற்பதைப் பிடிக்க முடியாவிட்டால் மரத்துக்குள் அடித்து இறக்கிவிடலாம். எல்லாம் முடிந்தது என்று தோன்றும்போது, பழைய நைலான் ஸ்டாக்கிங்கைக் கையுறைக்கு மேல் மாட்டிக்கொண்டு படிகளைத் தடவிப் பாருங்கள். மிச்சமிருக்கும் பின் ஒவ்வொன்றும் அதில் சிக்கும்.

இனி வார்னிஷ். மாமியும் அந்தப் படியில் ஏறி இறங்குவதால், நானாக இருந்தால் முழுப்படிக்கும் பளபளப்பு வார்னிஷ் அடிக்கமாட்டேன். காலுறையோடு இறங்கினால் வழுக்கும், சத்தமும் பக்கத்து வீடுவரை கேட்கும். ஓரங்களுக்குப் பெயின்ட் அடித்து, நடுவில் ஒடுக்கமான புதுக் கார்ப்பெட் போடுங்கள். பெயின்ட் அடிக்கும்போது ஒரு படி விட்டு ஒரு படியாக அடியுங்கள். மற்றவற்றை அது காய்ந்த பின் அடித்தால் மேலே தூங்கப் போக வழி இருக்கும்.