மரத்தில் தொற்றியிருப்பது ஆர்க்கிட்தானா?

அன்புள்ள தமிழினி,

தோப்பு மாமரத்துக் கிளையில் இருப்பது ஆர்க்கிட்டா, புல்லுருவியா என்று கேட்டிருந்தாய். பூ வரும்வரை காத்திருக்க வேண்டாம். செடி கிளையோடு சேரும் இடத்தைப் பார். புல்லுருவி கிளைக்குள் வேரை இறக்கிச் சாற்றை உறிஞ்சும். ஒட்டிய இடம் முடிச்சாகப் புடைத்திருக்கும். ஆர்க்கிட்டின் வேர்கள் பட்டைமேலேயே படரும், சில காற்றில் தொங்கும். காய்ந்திருக்கும்போது அவை சாம்பல் வெள்ளை. தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரத்தில் பச்சை தெரியும். வேரைச் சுற்றியுள்ள உறை ஈரத்தை இழுத்துக்கொள்வதால் அப்படி. மரத்திடம் அது கேட்பது உட்கார இடம் மட்டுமே. உன் அப்பா அரிவாளை எடுப்பதற்குள் இதைச் சொல்லிவிடு.

நம் சமவெளித் தோப்புகளிலும் வறண்ட மலையடிவாரங்களிலும் அடிக்கடி கண்ணில் படுவது வாண்டா டெசலேட்டா. இலை ஒடுக்கமாக, நடுவில் மடிந்து, வெளிப்பக்கம் வளைந்திருக்கும். நுனியைக் கிட்டப் போய்ப் பார்த்தால் ஏதோ கடித்துவிட்டுப் போனதுபோல் தெரியும். பூச்சி கடித்ததல்ல, அதன் இயல்பே அதுதான். கோடையில் பூக்கும். மஞ்சள் கலந்த பச்சை இதழில் பழுப்புக் கட்டங்கள், நடுவில் நீலமோ ஊதாவோ கலந்த உதடு. இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று அகாம்பே. அதன் இலை தடித்துத் தோலாக இருக்கும். பூக்கள் மிகச் சிறியவை, மஞ்சளில் செம்பழுப்புப் பட்டைகளோடு கொத்தாக வரும். இலையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் அவசரம் பெரியவர்களுக்கே உண்டு, உனக்கு வேண்டாம்.

பூ கிடைத்துவிட்டால் வேலை சுலபம். ஆறு இதழ்களில் வெளிவட்டம் மூன்று, உள்வட்டம் மூன்று. உள்வட்டத்தில் ஒன்று மட்டும் நிறத்திலும் வடிவிலும் தனித்து நிற்கும். அதுதான் உதடு, பூச்சி வந்து இறங்கும் மேடை. அதற்கு நேர் எதிரே குட்டையான தூண் ஒன்று இருக்கும். மற்றப் பூக்களில் தனித்தனியாக நிற்கும் மகரந்தத்தாளும் சூல்தண்டும் இங்கே ஒன்றாக இணைந்துவிட்டன. மகரந்தமும் தூளாக உதிராது, உருண்டைகளாகத் திரண்டிருக்கும். டார்வின் கூராகச் சீவிய பென்சிலைப் பூவுக்குள் நுழைத்து, அந்த உருண்டைகள் முனையில் ஒட்டிக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்து, 1862இல் வெளியான தன் ஆர்க்கிட் நூலில் எழுதினார். நீயும் ஒரே ஒரு பூவில் செய்து பார்க்கலாம்.

இன்னொரு வேடிக்கை. மொட்டில் உதடு மேல்பக்கம்தான் இருக்கும். விரியும்போது பூக்காம்பு முறுக்கிக்கொண்டு அதைக் கீழே கொண்டுவருகிறது. காம்பை உற்றுப் பார்த்தால் முறுக்கு தெரியும். எல்லாமே இப்படிச் செய்வதில்லை. நீலகிரி, பழனி மலைப் புல்வெளிகளில் இளஞ்சிவப்புக் கதிராக நிற்கும் சத்திரியம் நேபாலென்ஸ் முறுக்குவதே இல்லை. அதன் உதடு மேலேயே முக்காடிட்டு நிற்கும், பின்னால் இரண்டு வால்கள் தொங்கும். அந்த இரட்டை வாலைப் பார்த்துவிட்டால் வேறு சோதனை தேவையில்லை.

அது தரையில் வளர்வது. ஆர்க்கிட் என்றதும் எல்லோரும் மரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். காலடியில் இருப்பதை மிதித்துவிட்டுப் போகிறார்கள். ஹபனேரியா இனங்கள் கோடையில் மண்ணுக்குள் கிழங்காக உறங்கும். தென்மேற்கு மழை விழுந்தபின் தலைகாட்டிப் பூத்து, மறுபடி மறைந்துவிடும். சித்திரையில் வெறும் புல்லாகத் தெரிந்த சரிவை ஆவணியில் போய்ப் பார். அவற்றில் ஒன்றான லாங்கிகார்னிகுலேட்டாவின் வெள்ளைப் பூவுக்குப் பின்னால், விரலைவிட நீளமான தேன்குழல் தொங்கும். நீண்ட உறிஞ்சுகுழலுள்ள அந்துப்பூச்சிக்கான ஏற்பாடு அது.

ஆகவே குறிப்பேட்டில் பூவின் நிறத்தை மட்டும் எழுதாதே. எந்த மரம், பட்டை சொரசொரப்பா வழவழப்பா, தரையிலிருந்து எவ்வளவு உயரம், வெயிலா நிழலா, மலையில் எவ்வளவு மேலே, எந்த மாதம், எல்லாம் வேண்டும். படம் எடுத்தால் முன்பக்கத்தோடு பக்கவாட்டையும் பின்பக்கத்தையும் எடு. வால் அங்கேதான் இருக்கும். ஏற்காட்டுக்குப் போனால் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டத்தைத் தவறவிடாதே.

பிடுங்கி வருவது மட்டும் கூடாது. ஆர்க்கிட் விதை தூசியளவுதான். உள்ளே சேமித்த உணவு கிடையாது. தகுந்த பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். போன ஒரு செடிக்குப் பதில் இன்னொன்று வர வருடங்கள் ஆகும். அகத்திய மலையில் மட்டும் வளரும் பாபியோபெடிலம் ட்ரூரியை, மஞ்சளில் கரும்பழுப்புக் கோடு போட்ட அந்தச் செருப்பு வடிவப் பூவை, ட்ரூரி என்ற ஆங்கில அதிகாரி 1865இல் கண்டார். பின்பு அது காட்டில் அற்றுப்போனதாகவே கருதப்பட்டது. 1972இல் மீண்டும் கிடைத்தது. கிடைத்த செய்தி பரவியதும் சேகரிப்பவர்களும் வந்துவிட்டார்கள். இன்று சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. ஆனாலும் அரிய செடி எதையாவது நீ பார்த்தால், படத்தைப் பகிரும்போது மலையின் பெயர் போதும். கைபேசி தானாகப் பதிக்கும் இடக்குறிப்பை நீக்கிவிட்டு அனுப்பு, எனக்கு அனுப்பினாலும்கூட.

அன்புடன்,
உன் அத்தை